லண்டனுக்குப் புதுசா? குளிர் வருமுன் ஹீட்டிங்கைப் புரிந்துகொள்ளுங்கள்

சாவி வாங்கிய அன்றே கேஸ் மீட்டர், கரண்ட் மீட்டர் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். முன்பு குடியிருந்தவர் எரித்த கணக்கு உங்கள் தலையில் விழாமல் இருக்க இதுதான் ஆதாரம். கடையில் டாப்-அப் செய்யும் மீட்டர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் பழைய கடன் இருந்தால் நீங்கள் போடும் காசிலிருந்து கழியும். நிறுவனத்துக்குப் போன் செய்து, உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகு காசு போடுங்கள்.

அடுத்து, வீட்டை எது சூடாக்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சமையலறைச் சுவரில் ஒரு கேஸ் பாய்லர் இருக்கும். அது காய்ச்சும் தண்ணீர் குழாய் வழியே ஓடி, அறைகளில் ரேடியேட்டர் என்ற உலோகப் பலகைகளைச் சூடாக்கும். பில்லில் வரும் கிலோவாட்-மணி என்பது நம்மூர் யூனிட்தான். கரண்ட் யூனிட் சுமார் 25 பென்ஸ் என்றால் கேஸ் யூனிட் அதில் கால்வாசிதான். இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் காரியம், 20 பவுண்டுக்கு ஒரு ஃபேன் ஹீட்டர் வாங்குவது. 2 கிலோவாட் ஹீட்டர் மாலையில் ஐந்து மணி நேரம் ஓடினால் 10 யூனிட். ஒரு நாளைக்கு இரண்டரை பவுண்ட், மாதம் 75. நான்கு பேர் நான்கு அறைகளில் ஆளுக்கொன்று ஓட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். குளித்துவிட்டு வந்து பத்து நிமிடம் போடுவது வேறு விஷயம். படுக்கையில் குளிருகிறதா, மின்கம்பளி வாங்குங்கள். அது 100 வாட் அளவில்தான் இழுக்கும்.

சரி, பாய்லருக்கு வருவோம். அதில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழ், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டுக்கானது; 70, 80 டிகிரியில் இருக்கும். யாரும் அதைத் தொடுவதில்லை. தொட்டி இல்லாமல் குழாய்க்கு நேரடியாக வெந்நீர் தரும் காம்பி பாய்லராக இருந்தால் அதை 60க்குக் குறையுங்கள். ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து, அதன் வெப்பத்தையும் பாய்லர் பிடித்துக்கொள்ளும். அறை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருந்தால் இந்த வேலை வேண்டாம். தொட்டித் தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே போனால் லெஜியோனெல்லா கிருமி வளரக்கூடும்.

ஒவ்வொரு ரேடியேட்டரின் ஓரத்திலும் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்கும். 5ல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்று நம்புகிறார்கள்; ஆகாது. அறை எவ்வளவு சூடானதும் நிற்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி, போதும். ஆள் இல்லாத அறையில் 1ல் வைத்துக் கதவைச் சாத்துங்கள். நாள் முழுக்கக் குறைவாக ஓடவிட்டால் மிச்சம் என்பதும் நம்மவர்களிடையே சுற்றும் கதைதான். காலையில் ஒரு மணி நேரம், வேலை முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் என டைமர் போடுவதே சிக்கனம்.

அதற்காக அடியோடு அணைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்வதும் சரியல்ல. சோறு வடிக்கிற ஆவி, ரேடியேட்டர் மேல் காயும் துணி எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் நீராய்ப் படியும், பிறகு கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். உடம்புக்கும் கேடு, டெபாசிட்டுக்கும் கேடு. சமைக்கும்போது மூடி போடுங்கள், எக்ஸாஸ்ட்டை ஓடவிடுங்கள், சமைத்த பின் ஜன்னலைப் பத்து நிமிடம் நன்றாகத் திறந்து மூடுங்கள்.

பாய்லர் பழுதானால் சரிசெய்வது வீட்டு ஓனரின் சட்டப்படியான பொறுப்பு. செலவு உங்களுடையது அல்ல. கேட்கத் தயங்காதீர்கள், போனில் சொன்னதை மெசேஜாகவும் அனுப்பி வையுங்கள்.

கேஸ், கரண்ட் நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் அமைப்பு அறிவிக்கும் விலை வரம்பு மொத்த பில்லுக்கானது அல்ல; யூனிட் விலைக்கும் தினசரி நிலைக்கட்டணத்துக்கும்தான். அதிகம் எரித்தால் அதிகம் வரும். வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கும் டைரக்ட் டெபிட்டில் மாதாமாதம் ஒரே தொகை போவதால் கோடையில் அந்த நிறுவனத்தில் உள்ள உங்கள் கணக்கில் பணம் சேர்ந்திருக்கும். வீட்டைக் காலி செய்யும்போது கடைசி ரீடிங்கைக் கொடுத்து, மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.