டெல்லிக்கு மாற்றலாகி வருகிறீர்களா? கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

ஊரில் பிளஸ் டூ மார்க்கை வைத்து கட் ஆஃப் போட்டுப் பழகிய நமக்கு இங்கே முதல் அதிர்ச்சி, டெல்லிப் பல்கலைக்கழக இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்தான் கணக்கு என்பது. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பாடங்களையே அதிலும் எடுக்க வேண்டும். ஒரு மாலை உட்கார்ந்தால் இதெல்லாம் புரிந்துவிடும்.

கோச்சிங்கில்தான் என் அக்கா மாட்டிக்கொண்டாள். அத்தானுக்கு திருச்சியிலிருந்து மாற்றல். மகளுக்குக் கேந்திரிய வித்யாலயாவில் இடம் கிடைத்த மறுவாரமே காலுசராய் பக்கம் ஒரு மையத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை ஒரே தவணையில் கட்டிவிட்டார்கள். "எப்போது வேண்டுமானாலும் பேட்ச் மாற்றிக்கொள்ளலாம், ஜே.இ.இ.யிலிருந்து கியூட்டுக்கும் போகலாம்" என்று வாயால் சொன்னதை நம்பித்தான்.

நவம்பரில் பிள்ளை, பொறியியல் வேண்டாம், பொருளாதாரம் படிக்கிறேன் என்றாள். மாற்றியும் கொடுத்தார்கள். ஆனால் புது பேட்சில் ஏற்கெனவே பதிவு செய்த வீடியோக்கள் மட்டுமே. சந்தேகம் கேட்க ஆள் கிடையாது, வாரத் தேர்வு கிடையாது. ஊர் டியூஷன் என்றால் பிடிக்காத மாதம் நின்றுவிடலாம். இங்கே மொத்தப் பணமும் அவர்கள் கையில். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பேட்ச் மாறினால் பாடம் எடுப்பது யார், வாரத்துக்கு எத்தனை நேரடி வகுப்பு, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதோடு எழுதி வாங்குங்கள். நடுவில் விலகினால் மீதிக் காலத்துக் கட்டணத்தை 10 நாளில் தர வேண்டும் என்று 2024 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. அக்காவுக்கு அது தெரியாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகுதான் ஒரு பகுதியாவது வந்தது.

அப்புறம், வாசலில் மாட்டியிருக்கும் ரேங்க் படங்கள். அந்தப் பிள்ளை எந்த கோர்ஸில் படித்தது, பணம் கட்டிப் படித்ததா என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று 2024 நவம்பரில் விதி வந்துவிட்டது. நீங்கள் இன்னொன்றும் கேளுங்கள்: போன வருடம் இதே பேட்சில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், கடைசிவரை இருந்தவர்கள் எத்தனை பேர்? நான் கேட்டபோது அதே படத்தைத்தான் திரும்பக் காட்டினார்கள்.

பிள்ளை இப்போது என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை வைத்து வீட்டிலேயே படிக்கிறாள். கியூட் பாடங்களுக்கு அடிப்படை அவைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னிடம் கணக்கு.