‘யஃதீக்கல் ஆஃபியா’ என்றால் என்ன பதில் சொல்வது?

அரபியில் இலக்கணம் ஓரளவு பிடிபட்டிருக்கும், செய்திகூட வாசிக்க வந்திருக்கும். ஆனால் முடிவெட்டிக்கொண்டு வரும்போது சிரியா, லெபனான்காரர் யாராவது ‘நயீமன்’ (சுகமாக இருக்கட்டும்) என்று வாழ்த்தினால் முழிப்போம். பதில்: ‘அல்லா யின்அம் அலைக்’. சொன்னவர் பெண் என்றால் ‘அலைக்கி’.

இந்தக் கட்டத்தில் தனிச்சொற்களை உருப்போடுவதைக் கொஞ்சம் குறைத்து, இப்படி ஜோடி ஜோடியாகப் படித்துப் பாருங்கள். ‘ஸபாஹுல் கைர்’ என்றால் ‘ஸபாஹுன் நூர்’. நல்ல காலைக்கு ஒளி மிகுந்த காலை, என்ன அழகான பதில்! வேலையில் இருப்பவரிடம் ‘யஃதீக்கல் ஆஃபியா’, அதாவது இறைவன் உங்களுக்குத் தெம்பு தரட்டும்; அவர் ‘அல்லா யுஆஃபீக்’ என்பார். இதை மொராக்கோவில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கே பேச்சுவழக்கில் ‘ஆஃபியா’ என்றால் நெருப்பு!

அப்புறம், வாயே திறக்காமல் சொல்லும் பதிலும் உண்டு. வளைகுடா வீடுகளில் ஏலக்காய் மணக்கும் காபியைக் கைப்பிடியில்லாத சின்ன ஃபின்ஜானில் தருவார்கள். போதும் என்றால் காலிக் கோப்பையை வலது கையால் லேசாக ஆட்டிக் கொடுங்கள். சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றிவிடுவார்கள்.