ஏஜென்சி அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஏஜென்சி வழியாக ஒரு க்ளையன்ட் நிறுவனத்தில் ஐடி கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் ஃப்ரீலான்சரா நீங்கள்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் ஏஜென்சியிடமிருந்து அந்த மெயில் வரும். "திங்கட்கிழமை சோழிங்கநல்லூர்ல ஆன்போர்டிங். ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்தான் சார், இன்னிக்கே சைன் பண்ணி அனுப்பிடுங்க." திறந்து பார்த்தால் இருபத்தெட்டு பக்கம். செல்போனில் படிக்காதீர்கள். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, பேனாவோடு உட்காருங்கள்.

படி 1: கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

உங்களுக்குத் தரும் ரேட் பின்னால் உள்ள அனெக்ஸரில்தான் (இணைப்புத் தாளில்) இருக்கும். அதில் வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று பாருங்கள். ஐடி சேவைக்கு ஜிஎஸ்டி 18%. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்து, 'எல்லா வரியும் உட்பட 1,18,000' என்று எழுதியிருந்தால் உங்களுடையது 1,00,000தான். 'ஜிஎஸ்டி தனி' என்று எழுதி வாங்குங்கள். இப்போது பதிவு இல்லாவிட்டாலும் வாங்குங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரியைப் பார்த்துப் பதற வேண்டாம். அது உங்கள் வருமான வரிக் கணக்கில்தான் வரவாகும்.

படி 2: பணம் எப்போது கைக்கு வரும்? விரல் விட்டு எண்ணுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். '45 நாளில் பேமென்ட்' என்றால் எந்தத் தேதியிலிருந்து 45? ஜூன் 1 வேலையில் சேர்கிறீர்கள். ஜூன் 30 டைம்ஷீட் (வேலை செய்த மணிக்கணக்கு) போடுகிறீர்கள். மேனேஜர் ஜூலை 5 அப்ரூவ் செய்கிறார், அன்றே இன்வாய்ஸ். அதிலிருந்து 45 நாள் என்றால் ஆகஸ்ட் 19. அதற்குள் மூன்று மாத வாடகை கைக்காசிலிருந்து போயிருக்கும். மேனேஜர் லீவில் போனால் இன்னும் தள்ளும். அதனால் 'ஐந்து வேலை நாளில் பதில் வராவிட்டால் டைம்ஷீட் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்' என்று ஒரு வரி கேளுங்கள்.

அடுத்து 'பேக் டு பேக்' பேமென்ட்: க்ளையன்ட் கொடுத்தால்தான் ஏஜென்சி கொடுக்கும். என் முதல் கான்ட்ராக்டில் இதைப் படித்தும் கண்டுகொள்ளவில்லை. ஏஜென்சி எங்கள் ஐந்து பேர் கணக்கையும் ஒரே இன்வாய்ஸாகப் போட்டிருந்தது. அதில் ஒருவருடைய மணிக்கணக்கில் க்ளையன்ட் சந்தேகம் கிளப்ப, மொத்த பில்லும் நின்றுபோனது. என் வேலையில் ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு மாதப் பணம் தொங்கியது. அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால், 'எப்படியும் இத்தனை நாளுக்குள்' என்று ஒரு எல்லை வையுங்கள்.

கூடவே உத்யம் பதிவை, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவை, முன்கூட்டியே செய்துவிடுங்கள். ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' வட்டியைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி. தனியாளாகத் தொழில் செய்பவரும் பதிவு செய்யலாம்.

படி 3: வெளியே போகும் வழி

அவர்கள் ஒரே நாளில் நிறுத்தலாம், நீங்கள் மட்டும் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்றிருக்கும். இரண்டையும் சமமாக்கக் கேளுங்கள். 'ஒரு வருடம் க்ளையன்ட்டிடமோ போட்டி நிறுவனத்திடமோ வேலை செய்யக் கூடாது' என்றும் இருக்கும். கான்ட்ராக்ட் நடக்கும்போது இந்தத் தடை செல்லும். முடிந்த பிறகு தொழிலே செய்யவிடாமல் தடுப்பது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி செல்லாது. ஆனால் அந்தத் தடையைக் காட்டிக் கடைசி மாதப் பணத்தைப் பிடித்து வைப்பவர்கள் உண்டு. எனவே முன்பே குறுக்குங்கள்: அந்த க்ளையன்ட் மட்டும், ஆறு மாதம் மட்டும். அசல் சர்டிஃபிகேட் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

படி 4: மற்றவை, வேகமாக

நீங்கள் தர நேரும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வேண்டும். மூன்று மாதக் கட்டணம் என்று கேட்கலாம். ஃப்ரீலான்சர் எழுதும் கோடின் காப்பிரைட், அதை வேறொருவருக்கு மாற்றி எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும்வரை பொதுவாக அவருடையதுதான். அதனால் 'பணம் வந்து சேர்ந்ததும் உரிமை மாறும்' என்று போடுங்கள். வழக்கு குருகிராமில் என்றிருந்தால் சென்னை என்று மாற்றச் சொல்லுங்கள். எண்பதாயிரம் ரூபாய்க்காக யார் ரயில் ஏறுவது?

படி 5: கேட்பது

இருபது திருத்தம் அனுப்பினால் ஆளை மாற்றிவிடுவார்கள். மூன்றைத் தேர்ந்தெடுங்கள், அதில் பேமென்ட் கட்டாயம் இருக்கட்டும். போனில், "மேடம், மூணே மூணு இடம்தான்" என்று ஆரம்பிக்கலாம். "அந்த கண்டிஷனெல்லாம் நாங்க யூஸே பண்ண மாட்டோம் சார்" என்பார்கள். "அப்போ எடுத்துடலாமே மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். எனக்கு இது பாதி நேரம் வேலை செய்திருக்கிறது. ஒப்புக்கொண்டதை அன்றே மெயிலில் எழுதி, திருத்திய பிரதி வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவர்கள் கையெழுத்திட்ட பிரதியைத் திங்கட்கிழமை உள்ளே போவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் "லீகல் டீம்ல இருக்கு சார்" என்பார்கள்.