கல்லீரலில் கொழுப்புக்கட்டியா? மலையிறங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியவை

நீலகிரி மலையில் கோத்தகிரியிலோ கூடலூரிலோ எடுத்த அல்ட்ராசவுண்டில் ‘கல்லீரலில் வெள்ளையாக ஒரு கட்டி’ என்று வந்தால், அது பெரும்பாலும் ஹீமாஞ்சியோமா என்ற இரத்தக்குழாய்க் கட்டியாகவே இருக்கும். சில சமயம் கொழுப்பு படிந்த வெறும் திட்டு. உண்மையான கொழுப்புக்கட்டிகளான லிப்போமாவும் (கொழுப்பு மட்டுமே உள்ளது) ஆஞ்சியோமையோலிப்போமாவும் (கொழுப்போடு தசையும் இரத்தக்குழாயும் கலந்தது) அபூர்வம். ‘ஃபேட்டி லிவர்’ என்பது வேறு சங்கதி: அது கல்லீரலிலேயே பரவலாகக் கொழுப்பு ஏறுவது. நோயாளியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எண்ணெயைக் குறைத்தால் கட்டி கரையும் என்று வீட்டில் பத்தியம் தொடங்கிவிடும்.

அல்ட்ராசவுண்டுக்கு 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். குளிருக்கு ஒரு வாய் பால் டீ குடித்தாலும் பித்தப்பை சுருங்கிவிடும். ஆனால் தண்ணீரை நிறுத்தச் சொல்லாதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் நோய் உண்டு. அவர்களுக்கு உடலில் நீர் வற்றுவதே ஆபத்து.

அல்ட்ராசவுண்ட் கருவியின் புரோப்பை வயிற்றில் வைக்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலில் விளிம்பு: கொழுப்புக்கட்டிக்கு ஓரம் தெளிவாக இருக்கும். பித்தப்பைப் பக்கத்திலும் கல்லீரலின் முன்பக்கமுள்ள ஃபால்சிஃபார்ம் தசைநார் ஓரத்திலும் வரும் கொழுப்புத் திட்டு கோணல்மாணலாக இருக்கும், அதன் ஊடே இரத்தக்குழாய்கள் விலகாமல் நேராக ஓடும். அடுத்தது பின்னணி. கல்லீரல் முழுக்கவே கொழுப்பேறி வெளுத்திருந்தால் ஹீமாஞ்சியோமாகூடக் கறுப்பாகத் தெரியும். அங்கே நிறத்தை நம்பிப் பயனில்லை. மூன்றாவது, கட்டிக்குப் பின்னாலுள்ள உதரவிதானக் கோடு. எந்திரம் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போவதாகக் கணக்கிடுகிறது. கொழுப்பிலோ சுமார் 1450தான். அதனால் 5 செ.மீ. கொழுப்பைத் தாண்டிய கோடு ஏறக்குறைய 3 மி.மீ. பின்தள்ளி, உடைந்ததுபோல் தெரியும். கட்டி பெரிதாக இருந்தால் மட்டுமே கண்ணுக்குப் பிடிபடும். பிடிபட்டால் நல்ல துப்பு.

அடுத்து சிடி. தாளில் வெறுமனே ‘வயிறு சிடி’ என்று எழுதி அனுப்பினால் கான்ட்ராஸ்ட் (இரத்தக்குழாய்களைப் பளிச்சிடவைக்க ஊசியில் ஏற்றும் மருந்து) போட்ட ஒரே கட்டத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மேட்டுப்பாளையம் வளைவுகளில் இன்னொரு முறை இறங்கி ஏற வேண்டியதுதான். கான்ட்ராஸ்ட் இல்லாத கட்டம், தமனிக் கட்டம் (மருந்து ஏற்றி 30–35 நொடி), போர்ட்டல் கட்டம் (70 நொடி), 3 முதல் 5 நிமிடம் கழித்துத் தாமதக் கட்டம் என்று நான்கையும் எழுதுங்கள். ஸ்லைஸ் 2–3 மி.மீ. இருக்கட்டும். தடித்த ஸ்லைஸில் சிறிய கட்டியோடு பக்கத்துக் கல்லீரலும் கலந்து எண் பொய்க்கும். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில், ஓரத்தைத் தொடாமல், கட்டியின் நடுவே வட்டம் போட்டு இரண்டு மூன்று இடத்தில் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணை (சிடியில் அடர்த்தியைக் காட்டும் எண்) அளக்க வேண்டும். தண்ணீர் 0, இயல்பான கல்லீரல் 50 முதல் 65. மைனஸ் 20க்குக் கீழே போனால் கொழுப்பு என்று கொள்ளலாம். தூய லிப்போமா மைனஸ் 100 பக்கம், முழுக்க ஒரே மாதிரி நிற்கும், கான்ட்ராஸ்ட்டையும் ஏற்காது. கொழுப்போடு தமனிக் கட்டத்தில் பளிச்சிடும் பகுதியும், உள்ளே தடித்த குழாய்களும், கல்லீரல் சிரைக்குச் சீக்கிரமே வடியும் குழாயும் தெரிந்தால் ஆஞ்சியோமையோலிப்போமா. பளிச்சிட்டது பின்கட்டத்தில் கல்லீரலைவிட மங்கினால் கவனம்: கல்லீரல் புற்றுநோயிலும் கொழுப்பு இருக்கலாம். ஹெபடைடிஸ் பி, சி, ஏஎஃப்பி (கல்லீரல் புற்றுநோயில் இரத்தத்தில் கூடக்கூடிய புரதம்) பரிசோதனைகளும் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குதல்) உண்டா என்ற கேள்வியும் இங்கேதான் வர வேண்டும். ஏஎஃப்பி இயல்பாக இருப்பதால் மட்டும் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது.

அதிகம் தவறு நடப்பது எம்ஆர்ஐ படிப்பதில். டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் வெள்ளையாக இருப்பதெல்லாம் கொழுப்பல்ல. பழைய இரத்தமும் வெள்ளைதான். கொழுப்பென்றால், கொழுப்பை அமுக்கும் படத்தில் கறுக்க வேண்டும். நீர், கொழுப்பு இரண்டின் சிக்னலும் கூடும் இன்-ஃபேஸ், ஒன்றையொன்று கழிக்கும் அவுட்-ஃபேஸ் படங்களைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அவுட்-ஃபேஸில் ஒளி குறைவது, ஒரே புள்ளியில் நீரும் கொழுப்பும் கலந்திருக்கும்போது. அடினோமா (புற்றல்லாத கல்லீரல் செல் கட்டி), சில புற்றுநோய்கள், ஃபேட்டி லிவர் எல்லாம் அப்படி. தூய லிப்போமாவில் நீரே இல்லாததால் ஒளி குறையாது. ஓரத்தில் மட்டும் மையால் வரைந்தது போல் கறுப்புக் கோடு விழும். ‘அவுட்-ஃபேஸில் குறையவில்லை, ஆகவே கொழுப்பு இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் திருப்பிக் கேளுங்கள்.

கொழுப்பு உறுதியாகி, கான்ட்ராஸ்ட் ஏறவே இல்லையென்றால் ஊசி குத்தத் தேவையில்லை. கொழுப்பு குறைந்த ஆஞ்சியோமையோலிப்போமாவில்தான் பயாப்ஸி, அதாவது ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பது. இரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் பிளேட்லெட், ஐஎன்ஆர் பார்த்த பிறகே ஊசி. இது இரத்தக்குழாய் நிறைந்த கட்டி. ஆய்வகத் தாளில் உங்கள் சந்தேகத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். எச்எம்பி-45, மெலன்-ஏ சாயங்கள் ஏற்றால் ஆஞ்சியோமையோலிப்போமா என்ற விடை கிடைத்துவிடும். அவற்றைப் போடாமல் பார்த்தால் இதன் எபிதீலியாய்டு வகை, கல்லீரல் புற்றுநோய் போலவே தோன்றும். வழக்கமான பதப்படுத்தலில் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுவதால் ஸ்லைடில் வெற்றுக் குமிழிகள்தான் மிஞ்சும். கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயம் வேண்டுமானால் ஒரு துண்டை அந்தப் பதப்படுத்தலுக்கு விடாமல், உறையவைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஆஞ்சியோமையோலிப்போமா என்றானால், குறிப்பாகக் கட்டிகள் பல இருந்தால், சிறுநீரகங்களையும் அதே படத்தில் பாருங்கள். வலிப்பு வந்ததுண்டா, முகத்தில் சிறு முடிச்சுகள் உண்டா என்றும் கேளுங்கள்: டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (பல உறுப்புகளில் கட்டி வரவைக்கும் மரபணு நோய்) இருக்கலாம்.

ஃபிலிம் மட்டும் போதாது, சிடி, எம்ஆர்ஐ இரண்டின் படங்களையும் கணினி வட்டில் வாங்கி வரச் சொல்லுங்கள். ஃபிலிமில் வட்டம் போட்டு எண் அளக்க முடியாது.