டெர்மினல் உறைந்துவிட்டதா? மூடிவிடாதீர்கள்

சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் தட்டியதும் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் சாளரம்) அசையாமல் நிற்கிறதா? எதுவும் கெட்டுப்போகவில்லை, திரைக்கு வரும் வெளியீடு நின்றிருக்கிறது, அவ்வளவுதான். கண்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள், உயிர் வந்துவிடும். நடுவில் எரிச்சலில் தட்டியதெல்லாம் காத்திருந்து மொத்தமாக ஓடும், ஜாக்கிரதை!

இது டெலிடைப் என்ற தொலைதட்டச்சு இயந்திரங்களின் காலத்து ஏற்பாடு: எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி முறையில் 19 (கண்ட்ரோல்-எஸ்) என்றால் நிறுத்து, 17 (கண்ட்ரோல்-க்யூ) என்றால் தொடர். இன்று பெரும்பாலும் தொல்லைதான். டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் நிரலில், பழைய கட்டளைகளை முன்னோக்கித் தேட உதவும் கண்ட்ரோல்-எஸ்ஸையும் இதுவே விழுங்கிவிடுகிறது.

நிரந்தரமாக அணைக்க, பாஷின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் ஒரு வரி போதும்: எஸ்டிடிஒய், ஓர் இடைவெளி, கழித்தல் குறி, அதை ஒட்டியே ஐஎக்ஸ்ஓஎன். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில்.

ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை நடத்த உதவும் ஸ்கிரீன் என்ற நிரலுக்குள் கண்ட்ரோல்-ஏ தட்டி எஸ் அழுத்தினாலும் இதே கதை. அங்கே மீள, கண்ட்ரோல்-ஏ, பிறகு க்யூ.