பச்சை விளக்கு எரிந்தாலும் வலது தோளைத் திரும்பிப் பாருங்கள்

பாலக்காடு சுல்தான்பேட்டை மாதிரியான நெரிசல் சந்திப்புகளில் சாலையைக் கடக்கிறவர்கள் எல்லாரும் எதிரே உள்ள விளக்கையே பார்க்கிறார்கள். ஆபத்து பெரும்பாலும் பின்னாலிருந்து வருகிறது. சாலையின் இடது ஓரமாக நடந்து வந்து நேராகக் கடக்கும்போது, நம்மோடு அதே திசையில் வரும் வண்டி இடப்பக்கம் திரும்பினால் நம் பாதையில்தான் குறுக்கிடும். அதனால் காலை எடுத்து வைக்கும் முன் வலது தோளுக்குப் பின்னால் ஒரு முறை பாருங்கள்.

அடுத்தது, நின்றிருக்கும் பஸ். டிரைவர் கைகாட்டி வழிவிட்டார் என்று சிலர் ஓடிவிடுகிறார்கள். பஸ்ஸைத் தாண்டி வரும் பைக்காரருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். அவர் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். பஸ்ஸின் மறு விளிம்பில் நின்று, எட்டிப் பார்த்த பிறகே மேலே போங்கள். குழந்தை கூட இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் வந்து சேரும்போதே பாதி நேரம் எரிந்துவிட்ட பச்சையை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பது நல்லது.

சரி, எல்லாப் பொறுப்பும் நடப்பவர் தலையில்தானா? கூடாது. கேரளத்தில் வார்டு சபை கூடும்போது எழுந்து கேளுங்கள்: வண்டிகள் நிற்கவேண்டிய நிறுத்தக் கோடு, நடப்பவர்கள் கடக்கும் வரிக்கோட்டுக்கு (ஜீப்ரா கிராசிங்) சில மீட்டர் முன்னால் வேண்டும், நடுவில் நின்று மூச்சுவிடத் திட்டு வேண்டும், வண்டிகளுக்குச் சில நொடி முன்பே நடப்பவர்களுக்குப் பச்சை எரிய வேண்டும். எழுத்திலும் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.