மட்டி ஓட்டில் கையாலேயே ஓட்டை போடுவது

உவரியிலோ மணப்பாட்டிலோ பொறுக்கிய மட்டி, சிப்பி ஓடுகளைத் தோரணமாகக் கோக்கக் கரண்ட் மிஷின் வேண்டாம். ஓடு சுண்ணாம்புதான், இரும்பு ஊசியே அதைக் கீறிவிடும். உடைவதெல்லாம் நாம் கொடுக்கிற அழுத்தத்தால்.

முதலில் குவியலைக் கிளறிப் பாருங்கள். மூக்குப் பக்கம், அதாவது இரண்டு ஓடும் சேரும் இடத்தில் புடைத்து நிற்கும் பகுதியில், அச்சுக் குத்தியதுபோல் வட்ட ஓட்டையோடு சில ஓடுகள் கிடக்கும். மட்டியைத் தின்பதற்குக் கடல் நத்தை போட்ட துளை அது. அந்த அளவுக்கு வேலை மிச்சம். வெயிலில் வெளுத்து, தொட்டால் விரலில் மாவு ஒட்டுகிற ஓடு பொடிந்துவிடும், வீசிவிடுங்கள். உயிரோடு இருக்கும் சங்கையும் சோழியையும் எடுக்கவே வேண்டாம். சில வகைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன.

நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். கொதிக்க வைத்தால் மெல்லிய ஓடு விரியும்.

தேய்த்துத் துளைப்பது

தாயம் ஆடப் புளியங்கொட்டையைத் தரையில் உரசி வெள்ளை எடுப்போமே, அதே வேலை. அந்த மூக்கைத்தான் தேய்க்க வேண்டும். பெயிண்டர்கள் வாங்கும் கறுப்பு வாட்டர் பேப்பர், 120 நம்பர், ஒன்று போதும். மரத்துக்குப் போடும் உப்புத்தாளை வாங்காதீர்கள், தண்ணீர் பட்டதும் மணல் உதிர்ந்துவிடும். தாளை நனைத்து, ஓட்டைக் கவிழ்த்துப் பிடித்து வட்டமாகத் தேயுங்கள். முதலில் மூக்கு மழுங்கித் தட்டையாகும், பிறகு நடுவில் மங்கலாக வெளிச்சம் தெரியும். குண்டூசித் தலை அளவு திறந்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்போது விளிம்பு தாள்போல மெலிந்திருக்கும். இன்னும் நாலு தேய் தேய்த்தால் பட்டாணி அளவுக்குப் போய்விடும். மிச்சத்தைக் கோணி ஊசியை உள்பக்கமிருந்து விட்டுத் திருகிப் பெரிதாக்குங்கள்.

துருவித் துளைப்பது

ஓரத்தில் ஓட்டை வேண்டுமென்றால் இதுதான் வழி. தங்க வேலைச் சாமான் விற்கும் கடையில் பின் வைஸ் கேளுங்கள். விரலால் உருட்டும் சின்னக் கைப்பிடி. அதில் மாட்டித் துளைக்கும் முனைதான் பிட். 1 மி.மீ., 2 மி.மீ. இரண்டும் வேண்டும். சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டே போதும், வைர முனைக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஆணி, சுத்தியல் யோசனையை விட்டுவிடுங்கள். பத்தில் இரண்டு தேறினால் அதிசயம்.

பழைய ரப்பர் செருப்பில் ஓடு உட்காரும் அளவுக்குக் குழி வெட்டி, அதன்மேல் சிப்பியை வையுங்கள். விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே தள்ளிக் கோணி ஊசியால் சின்னக் குழி போடுங்கள். இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஓடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, பிட்டை நேராக நிறுத்தி, உருட்டுவது மட்டும்தான் வேலை. பத்துச் சுற்றுக்கு ஒருதரம் எடுத்துச் சேற்றைக் கழுவுங்கள். சேறு அடைத்தால் பிட் அறுக்காது, அறுக்கவில்லையே என்று கை தானாக அழுத்தும், அங்கேதான் உடையும்.

பெரும்பாலான ஓடுகள் போவது கடைசி அரை மில்லிமீட்டரில். பிட் மறுபக்கம் குத்தி வெளியேறும்போது சுற்றியிருக்கும் சில்லைப் பெயர்த்துக்கொண்டு போகும். அதனால் முழுக்க ஒரே பக்கமாகத் துளைக்காதீர்கள். அழகாகத் தெரிய வேண்டிய பக்கத்தில் தொடங்குங்கள். பின்பக்கம் ஊசிமுனைப் புள்ளி தெரிந்ததும் திருப்பிப் போட்டு அந்தப் புள்ளியிலிருந்து முடியுங்கள். பிறகு 2 மி.மீ. பிட்டால் இருபக்கமும் மாற்றி மாற்றி அகலப்படுத்தலாம்.

எந்த வழியானாலும் ஈரம் காயக் கூடாது. ஓட்டுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு சேர்த்தது: வினிகரில் ஊறவைத்தால் ஓடு இளகாதா என்று கேட்கிறார்கள். இளகாது, கரையும். ஓட்டை வேண்டிய இடத்தோடு மேல் பளபளப்பும் சேர்ந்து போகும். எலுமிச்சையும் அப்படித்தான்.

துளையின் ஓரம் கத்திமாதிரி இருக்கும். நூல் ஒரு வாரத்தில் அறுந்தால் காரணம் அதுதான். வாட்டர் பேப்பரைத் திரியாக உருட்டி உள்ளே விட்டு நாலு முறை இழுங்கள். பருத்தி நூலுக்குப் பதில் மீன்பிடிக்கிற தங்கூசி (நைலான் நரம்பு) நல்லது. ஒவ்வோர் ஓட்டுக்கும் கீழே ஒரு முடிச்சுப் போடுங்கள், காற்றில் ஒன்றோடொன்று மோதி உடையாது.